ஆற்றைக் கடக்கும் பழைய கற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்றொரு பகுதி. அதன் நடுவே டார்ட்மூர் என்ற கருங்கல் மேட்டுநிலம். பக்கத்திலேயே சாமர்செட் எல்லையை ஒட்டி எக்ஸ்மூர். இரண்டுமே தேசியப் பூங்காக்கள். இங்குள்ள ஓடைகளையும் ஆறுகளையும் கடக்க நூற்றாண்டுகளுக்கு முன் மக்கள் போட்ட கற்கள் பல இடங்களில் இன்றும் இருக்கின்றன. மக்கள் இன்றும் அவற்றின் மேல் நடக்கிறார்கள். நான் இங்கே அடிக்கடி நடக்கப் போகிறவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களும் லண்டன் பக்கத்துத் தமிழ் நண்பர்களும் கூட வரும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆத்துக்குள்ள நாலு கல்லு கிடக்கு. இதைப் போய் பாரம்பரியச் சின்னம்னு சொல்றீங்களே?

தானாகக் கிடக்கும் கல் வேறு, கொண்டுவந்து வைத்த கல் வேறு. கொஞ்சம் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். வைத்த கல்லின் மேற்பக்கம் தட்டையாக இருக்கும். ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் ஒரு காலடி தூரம்தான். நீளவாக்கு நீரோட்டத்தோடு ஒத்துப்போகும்படி திருப்பி வைத்திருப்பார்கள். குறுக்கே வைத்தால் தண்ணீர் முழு முகத்திலும் மோதி, சில மழைக்காலங்களிலேயே கல்லைப் புரட்டிவிடும். அடிப்பாகம் ஆற்றுப் படுகைக்குள் நன்றாக இறங்கியிருக்கும்.

கரைக்கு வந்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். இரு கரையிலும் பாதை கற்களின் நேருக்கு வந்து சேரும். பல இடங்களில் அந்தப் பாதை, கால்களும் குளம்புகளும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அறுத்ததால், இருபக்க நிலத்தைவிட ஆளுயரம் தாழ்ந்து கிடக்கும். கல்லை மட்டும் பார்த்தால் நாலு கல்தான். பாதையோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு ஊர் இன்னொரு ஊரோடு எப்படித் தொடர்பு வைத்திருந்தது என்பதற்கான ஆவணம். பாதுகாக்க வேண்டியது அதைத்தான்.

மிதிகல்லுன்னும் சொல்றீங்க, கிளாப்பர் பாலம்னும் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. மிதிகல் வரிசையில் ஒவ்வொரு கல்லும் தனி. கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டிப் போக வேண்டும். கிளாப்பர் பாலத்தில் கற்களை அடுக்கித் தூண்கள் எழுப்பி, அவற்றின் மேல் பெரிய பலகைக் கற்களைக் கிடத்தியிருப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து கிடையாது, வளைவு கிடையாது, கல்லின் எடைதான் பிடிமானம். டார்ட்மூரில் போஸ்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில் கிழக்கு டார்ட் ஆற்றின் மேல் இருக்கும் பாலம் இதற்கு நல்ல உதாரணம். அதன் பலகைக் கற்கள் 4 மீட்டருக்கு மேல் நீளம், ஒவ்வொன்றும் 8 டன்னுக்கு மேல் எடை. 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஈயம் பூசப் பயன்படும் வெள்ளீயத்தை இந்த மேட்டில் தோண்டி எடுத்து, பொதிக்குதிரைகளில் ஏற்றி டாவிஸ்டாக் ஊருக்கு இந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

எக்ஸ்மூரில் பார்ல் ஆற்றின் மேல் இருக்கும் டார் ஸ்டெப்ஸ் இதைவிடத் தாழ்வானது, நீளமானது: 17 கண்கள், ஏறத்தாழ 55 மீட்டர். மிதிகற்களின் மேலேயே பலகை போட்டதுபோல் தண்ணீருக்கு வெகு அருகில் கிடக்கும். அதன் பக்கத்திலேயே வண்டியும் குதிரையும் இறங்கிக் கடக்கும் ஆழமில்லாத துறை இருக்கிறது. இதுதான் பழைய முறை. சக்கரமும் குளம்பும் தண்ணீருக்குள், மனிதக் கால் கல்லின் மேல்.

அந்தக் காலத்துலயே வளைவுப் பாலம் கட்டத் தெரியுமே. அப்புறம் ஏன் கல்லைப் போட்டாங்க?

தெரியும். ஆனால் கட்டுவதற்குக் கொத்தனார் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், பணம் வேண்டும். இடைக்காலத்தில் ஒரு பாலம் கட்டுவது பெரிய தர்மகாரியம். பாலத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்குப் பாவத் தண்டனையில் 40 நாள் கழிவு என்று ஆயர்கள் (பிஷப்புகள்) அறிவித்த காலம் அது. அந்தப் பணம் சந்தை ஊர்களுக்கும் பெரிய சாலைகளுக்கும் போயிற்று. நாலைந்து பண்ணைவீடுகள் உள்ள மேட்டுக் கிராமத்துக்கு யார் வளைவுப் பாலம் கட்டுவார்கள்? அவர்களைச் சுற்றிக் கருங்கல் மட்டும் தாராளமாகக் கிடந்தது. எருதுகளைப் பூட்டி இழுத்துவந்து தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

அப்படி யார்தான் இதுல நடந்தாங்க?

ஆடு மேய்ப்பவர்கள், வெள்ளீயம் தோண்டியவர்கள், மடத்து வேலையாட்கள், சந்தைக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள். யார்க்‌ஷயரில் போல்ட்டன் மடத்தின் இடிபாடுகளுக்குக் கீழே வார்ஃப் ஆற்றில் ஏறக்குறைய 60 கற்கள் கொண்ட நீண்ட வரிசை இருக்கிறது. அதே ஆற்றில் மேலே லின்ட்டன் தேவாலயத்துக்கு எதிரிலும் ஒன்று உண்டு. அக்கரைக்காரர்கள் வழிபாட்டுக்கு வந்து போன வழி. வேல்ஸில் ஆக்மோர் கோட்டையின் காலடியில் எவெனி ஆற்றைக் கடக்கும் கற்கள் கடல் ஏற்றத்தின்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே வரும்.

எனக்கு இவற்றிலெல்லாம் நெஞ்சைத் தொடுவது டார்ட்மூரின் லிச் வே. பிணத்தைத் தூக்கிப் போன வழி. டார்ட்மூரின் நடுப்பகுதி முழுவதும் லிட்ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயத்துக்கு உட்பட்டது. இங்கிலாந்தின் மிகப் பெரிய பங்குகளில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதிகளில்) ஒன்று. கிழக்குக் கோடியில் இருந்த பேபனி, பிஸ்வெல் குடியிருப்புகளில் யாராவது இறந்தால், மேட்டைக் குறுக்கே கடந்து, மேற்குக் கோடியில் இருந்த லிட்ஃபோர்டுக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டும். வழியில் கிழக்கு டார்ட், மேற்கு டார்ட், வாக்கம், டேவி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள் வரும். நல்ல நாளில் 8 மைல், மழையிலும் புயலிலும் சுற்றிப் போனால் 15 மைல் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 1260-இல் எக்ஸிட்டர் ஆயர் வால்டர் பிரான்ஸ்கூம், இந்த இரண்டு இடத்து மக்களும் பக்கத்தில் இருந்த விடிகூம் தேவாலயத்துக்கே போகலாம் என்று அனுமதி கொடுத்தார்.

8-க்கும் 15-க்கும் இடையில் உள்ள அந்த 7 மைலை யோசித்துப் பாருங்கள். கற்கள் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் ஒரு வழி, மூழ்கிவிட்டால் வேறு வழி. தோளில் பிணத்தைச் சுமந்தவர்களுக்கு ஓர் ஆற்றில் கால் வைக்க இடம் இருந்ததா இல்லையா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்வதில்லை.

இது இடைக்காலத்துக் கல்லுன்னு எப்படிச் சொல்றாங்க? கல்லுல தேதி போட்டிருக்கா?

கல்லுக்கு வயது கண்டுபிடிப்பதும் வைத்த காலத்தைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு. டார்ட்மூர் கருங்கல் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். பழைய நிலப் பத்திரங்கள், தேவாலயப் பதிவுகள், பங்கு எல்லைகள், அந்தப் பாதை சேரும் குடியிருப்புகளின் காலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். லிச் வே மாதிரி 1260 ஆவணம் இருந்தால் வழியின் பழமை உறுதி. டார் ஸ்டெப்ஸை வெண்கலக் காலத்தது என்று நம்பியவர்கள் உண்டு. இன்று பெரும்பாலோர் இடைக்காலத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

கல்லிலேயே கிடைக்கும் ஒரு தடயமும் இருக்கிறது. ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்குப் பாதி வட்டக் குழாய் வடிவில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால், துளை போட்டு ஆப்பு அடித்துப் பிளந்த கல் அது. டார்ட்மூரில் இந்த முறை ஏறக்குறைய 1800-க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் உளியால் நீள்சதுரக் குழிகளைச் செதுக்கி, அவற்றில் ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் ஆப்புக்குழி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எந்தத் தடயமும் இல்லாமல், மூலைகள் மழுங்கி, படலம் படலமாகப் பாசிக்காளான் படர்ந்திருந்தால், நிலத்தின் மேலே கிடந்த பாறையை அப்படியே இழுத்து வந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வரிசையில் ஒரு கல்லில் மட்டும் துளைத் தடம் இருந்தால், அந்த ஒன்று பிற்காலத்து மாற்றுக்கல்.

அப்போ இங்கிலாந்துல இருக்கிற எல்லா மிதிகல்லும் பழசுதானே?

கிடையாது. சர்ரேயில் பாக்ஸ் ஹில் அடிவாரத்தில், மோல் ஆற்றில் இருக்கும் கற்கள் 1946-இல் போடப்பட்டவை. பழையவற்றைப் போரின்போது, எதிரிகள் வந்தால் கடக்கக் கூடாது என்று அழித்துவிட்டார்கள். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ஜேம்ஸ் சூட்டர் ஈட் புதிய கற்களைக் கொடையாகக் கொடுத்தார். பிரதமர் ஆட்லி திறந்துவைத்தார். அழகான இடம், போய்ப் பாருங்கள். ஆனால் இடைக்காலம் இல்லை.

சட்டத்துல என்ன பாதுகாப்பு இருக்கு?

இங்கிலாந்தில் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று ஷெட்யூல்டு மான்யுமென்ட். தேசிய முக்கியத்துவம் உள்ள தொல்லியல் சின்னங்களை அரசு ஓர் அட்டவணையில் சேர்க்கும். 1882-இல் வந்த முதல் சட்டத்தில் தொடங்கிய வழக்கம்; இப்போது நடப்பில் இருப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். இதில் முதல் தரம், இரண்டாம் தரம் என்ற பிரிவு கிடையாது. சேர்த்தாயிற்று என்றால் இடிப்பதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். அந்தச் சின்னம் இருக்கும் நிலத்தில் தண்ணீர் தேக்குவது, மண் கொட்டுவது ஆகியவற்றுக்கும் வேண்டும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆலோசனை சொல்லும், முடிவு அமைச்சருடையது.

இன்னொன்று லிஸ்டட் பில்டிங். கட்டடங்களுக்கும் பாலம் போன்ற கட்டுமானங்களுக்கும் உரியது. இதில் 1, 2* (2 நட்சத்திரம்), 2 என்று மூன்று தரம் உண்டு. அனுமதி தருவது உள்ளூர்த் திட்ட அதிகார அமைப்பு. தேசியப் பூங்காவுக்குள் பூங்காவின் நிர்வாகமே. டார் ஸ்டெப்ஸ் முதல் தரப் பட்டியலிலும் இருக்கிறது, அட்டவணைச் சின்னமாகவும் இருக்கிறது. அப்படி இரண்டிலும் இருந்தால் 1979 சட்டத்தின் அனுமதிதான் செல்லும். இரண்டாவது அனுமதி தேவையில்லை. வேல்ஸில் 2023-இல் தனிச் சட்டம் இயற்றி, காடூ என்ற அமைப்பின் மூலம் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம்ம நாட்டுல சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்கு ஒண்ணும் கட்டக்கூடாதே. அங்கேயும் அப்படியா?

இந்தியாவில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு 100 மீட்டர் தடைப் பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010 திருத்தத்தில் வந்தது. இங்கிலாந்தில் அப்படி நிலையான தூரம் இல்லை. அட்டவணையோடு வரும் வரைபடத்தில் சிவப்புக் கோடு எதுவரை போகிறதோ அதுவரைதான் 1979 சட்டம். அதற்கு வெளியே யாராவது கட்ட வந்தால், சின்னத்தின் சூழல் கெடுமா என்பதைக் கட்டட அனுமதி கொடுக்கும்போது எடைபோடுவார்கள்.

என் கருத்தில் ஆற்றுக் கடவுகளுக்கு இரண்டுமே முழுசாகப் பொருந்துவதில்லை. கற்களைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு இரு கரைப் பாதையையும் விட்டுவிட்டால், முதல் கேள்வியில் சொன்ன ஆவணத்தில் பாதியைக் கிழித்துவிட்ட மாதிரி.

சரி, பாதுகாக்கப்பட்டதுன்னா ஏறி நடக்கலாமா, கூடாதா?

தாராளமாக நடக்கலாம். பெரும்பாலானவை பொது வழிகள். சட்டப்படி பொது வழியாக ஆனது, யாரும் நடக்காமல் விட்டாலும் பொது வழிதான். நடப்பதால் கல் தேயும் என்று பயப்பட வேண்டாம். தேய்வதும் அதன் வரலாறுதான். பாசி வழுக்கும், அதை மட்டும் கவனியுங்கள். கல்லின் மேல் தண்ணீர் வழிந்தோடினால் அன்றைக்குக் கடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். பிணத்தைத் தூக்கிப் போனவர்களே 7 மைல் சுற்றினார்கள்.

பிள்ளைகள் விளையாட்டாகச் சின்னக் கற்களைப் பெயர்த்து அணை கட்டுவதைத்தான் தடுக்க வேண்டும். மிதிகல்லின் காலடியில் நெருக்கிக் கிடக்கும் அந்தச் சின்னக் கற்கள்தான் பெரிய கல்லை ஆடாமல் பிடித்திருப்பவை. பெயர் செதுக்குவது, வேண்டுமென்றே உடைப்பது குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

ஒரு கல் ஆடுது. கிராமத்துக்காரங்களே கொஞ்சம் சிமென்ட் வெச்சுப் பூசிட்டா என்ன தப்பு?

நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய கெடுதல் இதுதான். சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம் இருக்கட்டும்; பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பதை மேலே சொன்னேன். தொழில்முறையிலும் தப்பு. இந்தக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கொஞ்சம் அசைந்து கொடுத்து, நடுவே தண்ணீரை விட்டு நிற்பவை. சிமென்ட் வைத்து மூடினால் தண்ணீர் போக இடமில்லாமல் அடியில் அரிக்கும். அரிப்பு வெளியே தெரியாது. ஒருநாள் பூச்சோடு சேர்ந்து மொத்தமாகப் புரளும்.

சரியான வழி, கல்லைத் தூக்கி, அடியில் படுகையைச் சீராக்கி, அதே திசையில் திருப்பி வைத்து, சின்னக் கற்களை நெருக்கி இறுக்குவது. அதையும் மீன்கள் முட்டையிடும் காலத்தில் செய்யக்கூடாது. டார்ட் ஆற்றுச் சால்மன் குளிர்காலத் தொடக்கத்தில் சரளைப் படுகையில் முட்டையிடும். ஆற்றுக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்குத் தனியாக நீர்நிலை அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும், அவசரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வேலையை உடனே செய்துவிட்டு எழுத்தில் தெரிவிக்கலாம் என்று விதிவிலக்கு இருக்கிறது.

டன் கணக்குல எடை இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் வெள்ளத்துல எப்படி அடிச்சுக்கிட்டுப் போகும்?

கருங்கல் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கு கனம். முழுசாக மூழ்கினால், அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை கழிந்துவிடும். 2 டன் பலகைக்கல் மூழ்கியபின் ஒன்றேகால் டன் கல்லாகத்தான் நடந்துகொள்ளும். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. இதோடு, தாழ்வான பாலத்தில் தண்ணீர் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தூக்கும். மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு மிதந்து வந்து குறுக்கே மாட்டிக்கொண்டால் பாலமே அணையாகிவிடும். அந்த அழுத்தத்துக்கு எந்தக் கல்லும் நிற்காது.

டார் ஸ்டெப்ஸில் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1952-இல் எக்ஸ்மூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் போயிற்று. மரங்களைத் தடுக்க ஆற்றின் மேல்பக்கம் எஃகு வடங்கள் கட்டினார்கள். 2012 டிசம்பரில் மிதந்து வந்த மரங்கள் அந்த வடங்களையே அறுத்துக்கொண்டு வந்து பாலத்தின் நடுப்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. கற்கள் 40, 50 மீட்டர் தள்ளிக் கிடப்பது அங்கே வழக்கம். அதனால் ஒவ்வொரு பலகைக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் தேடி எடுத்து, எண்ணைப் பார்த்து, அதனதன் இடத்தில் திரும்ப வைப்பார்கள். அந்த எண்கள் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இது மறுபடி போகும், மறுபடி வைப்போம் என்று முடிவெடுத்தவர்கள் செய்த வேலை அது.

இப்படித் தூக்கித் தூக்கி வெச்சா, சில கல்லை மாத்தியும் போட்டா, அது எப்படிப் பழைய சின்னம் ஆகும்?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. கோயில் சிற்பத்துக்குச் சொல்லும் விதியை இதற்குச் சொல்ல முடியாது. சிற்பத்தில் மதிப்பு உளி பட்ட அந்தக் கல்லில் இருக்கிறது. ஆற்றுக் கடவில் மதிப்பு நான்கில் பிரிந்து கிடக்கிறது: எந்த இடத்தில் கடக்கிறது, எந்தப் பாதையோடு சேர்கிறது, எப்படி அடுக்கியிருக்கிறது, எந்தக் கல். முதல் மூன்றும் நிலைத்திருந்தால், நாலாவதில் சில போனாலும் சின்னம் உயிரோடு இருக்கிறது என்பேன். இடைக்காலத்திலும் வெள்ளம் வந்திருக்கும், அப்போதும் இழுத்து வந்து மறுபடி வைத்திருப்பார்கள். திரும்ப வைப்பதே இதன் மரபு.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இல்லை. போன கல்லைத் தேடாமல் புதிதாக அறுத்த கல்லைப் போடுவது, இடைவெளியை மாற்றுவது, வசதிக்காக இரண்டு மீட்டர் தள்ளி வைப்பது, இவையெல்லாம் அந்த மதிப்பைத் தின்றுவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே வகைக் கல், அதே இடம். எந்தக் கல் புதிது என்று பதிவும் வேண்டும்.

வயசானவங்க கடக்க முடியலையே. கைப்பிடி வெச்சு, மேலே சமமாப் பலகை போட்டுட்டா என்ன?

நியாயமான ஆசை. டெர்பிஷயரில் டவ்டேல் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற மிதிகற்களில் 2010-இல் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார்கள். அவை இடைக்காலத்தவை அல்ல, விக்டோரியா காலச் சுற்றுலாவில் பேர்வாங்கியவை. தேய்ந்து வழுக்குகிறது என்று மேலே புதுச் சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பதித்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பாதுகாப்பை நினைத்துச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பழைய கற்களின் உருவமே அதில் மறைந்துபோனது.

சற்றுத் தள்ளி, கண்ணில் உறுத்தாத தூரத்தில் ஒரு மரப் பாலம் போடுவதுதான் சரி. போஸ்ட்பிரிட்ஜில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அதைத்தான் செய்தார்கள். வண்டிச் சாலைக்கென்று பக்கத்தில் தனியாக வளைவுப் பாலம் கட்டினார்கள், பழையதைத் தொடவில்லை. இன்று காரும் பேருந்தும் அதில் போகின்றன.

வெள்ளத்துக்கு அப்புறம் போனேன், ஒரு கல்லைக் காணோம். யாருக்குச் சொல்லணும்?

முதலில் கீழ்நோக்கிக் கொஞ்சம் நடந்து பாருங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கண்டால் நகர்த்த வேண்டாம். கல், அது கிடக்கும் இடம், கரையில் அடையாளமாக ஒரு மரமோ சுவரோ, மூன்றும் ஒரே படத்துக்குள் வரும்படி போட்டோ எடுங்கள். கைபேசியில் இடக்குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா நிர்வாகத்துக்கு அனுப்புங்கள், அங்கே தொல்லியலாளர்கள் இருக்கிறார்கள். வெளியே என்றால் உள்ளூர்க் கவுன்சிலில் பொது வழிகளைக் கவனிக்கும் பிரிவுக்கு. இழுத்துப் போன தடமோ வண்டிச் சக்கரத் தடமோ இருந்தால் அது வெள்ளம் இல்லை, திருட்டு. பழைய கருங்கல்லுக்குத் தோட்ட அலங்காரச் சந்தையில் விலை இருக்கிறது. அப்போது 101-க்கு அழைத்துக் காவல்துறையிடம், இது பாரம்பரியச் சின்னம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.